மறுமணம் செய்துகொள்ளவில்லை

பல வருஷங்கள் அம்மா வருஷத்துக்கு ஒருமுறை பாங்கிக்குப் போய் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற உறுதிமொழி அது. 1971-ன் குடும்ப ஓய்வூதியத் திட்டமும், அதன் இடத்தில் 1995-ல் வந்த திட்டமும் தொழிலாளியின் விதவைக்கு மறுமணம்வரைதான் பணம் தரும். அப்பா 1986-ல் லாரி மோதி இறந்தார். எனக்கு எட்டு வயது.

ஓசூர்ப் பக்கம் மூன்று பாஷைகள். விதவை மறுபடி ஒருவனோடு வாழப் போவதற்கு மூன்றிலும் சொல் உண்டு. தமிழில் அறுத்துக்கட்டுதல், தெலுங்கில் மாருமனுவு, கன்னடத்தில் கூடிகெ. சொல் இருந்த இடத்தில் காரியமும் இருந்தது. பாட்டியின் அம்மா அறுத்துக்கட்டியவள். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் தனியாயிருந்தது ஒரு கேழ்வரகு அறுப்பிலிருந்து அடுத்த அறுப்புவரை. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பிறகு நாங்கள் சிப்காட்டுக்கு வந்தோம். மாதச் சம்பளம் வந்தது, கூடவே கௌரவமும். 'நம்மில் அந்த வழக்கமில்லை' என்று பெரியப்பா சொல்லத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

அப்பாவுக்குப் பின் அம்மாவும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருத்தி தனியாகப் பிழைக்கலாம் என்று அந்தச் சம்பளம் சொன்னது. அப்படியானால் தனியாகவே இருக்கலாமே என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

மறுமணம் செய்தால் புருஷன் நிலம் போய்விடும் என்றும் பெரியப்பா சொல்லிவைத்திருந்தார். 1856-ன் விதவை மறுமணச் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, தன் கைக்கு வந்துவிட்ட பங்கை விதவை மறுமணத்தால் இழப்பதில்லை. பழைய சட்டமே 1983-ல் நீக்கப்பட்டுவிட்டது. எங்கள் வீட்டுத் திண்ணையில் மட்டும் அது அமலில் இருந்தது.

இப்படி எழுதிக்கொண்டு போவது எனக்குச் சௌகரியமாயிருக்கிறது. ஓய்வூதியம், நிலம், கௌரவம் என்று எல்லாக் காரணங்களும் எனக்கு வெளியே இருக்கின்றன.

1990-ல் அத்திபள்ளியிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். மனைவியை இழந்தவர், லேத் வேலை. கன்னடம் கலந்த தமிழில் கொஞ்சமாகப் பேசுவார். அப்பாவின் சைக்கிள் துருப்பிடித்துச் சுவரோரம் கிடந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அதை ஓடவைத்தார். நான் அதைத் தொடவில்லை. பள்ளிக்கு நடந்தே போனேன். சில வாரங்களில் அவர் வருவது நின்றது. எனக்கு ஜெயித்தாற்போலிருந்தது.

போன மாதம்தான் அம்மாவிடம் கேட்டேன், பென்ஷனுக்காகவா, நிலத்துக்காகவா என்று. அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் எங்கடா? நீதான் அந்த சைக்கிளத் தொடவேயில்லியே."

அத்தனை தாள்களிலும் பாங்கி மானேஜர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் போட்டிருக்க வேண்டியது.