நான் வெட்டிய மூன்று அத்தியாயங்கள்

பிலிப் புல்மேனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலை லஸ் முனை நடைபாதைக் கடையில் வாங்கியபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அதை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. 2007 டிசம்பரில் அது ‘தி கோல்டன் காம்பஸ்’ என்ற பெயரில் படமாக வந்ததும் முதல் வாரமே போய் உட்கார்ந்தேன். வெளியே வரும்போது ஆத்திரத்தில் கண் கலங்கியிருந்தது. படத்தில் ரோஜர் சாகவில்லை.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த உலகத்தில் மனிதரின் ஆன்மா உடலுக்கு வெளியே, ஒரு விலங்கின் வடிவில் கூடவே நடக்கும். அதற்கு டீமன் என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரிக்குள் வளரும் லைரா என்ற சிறுமிக்கு, அங்கே சமையலறையில் வேலை செய்யும் ரோஜர்தான் உயிர்த்தோழன். ஊரில் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள், ரோஜரும் போகிறான். வடக்கே பனிக்காட்டில் பிள்ளைகளையும் டீமன்களையும் தனித்தனியாக அறுத்துப் பிரிக்கும் ஓர் இடத்திலிருந்து அவனை லைரா மீட்கிறாள். மீட்டவள் அவனையும் அழைத்துக்கொண்டு தன் தந்தை ஆஸ்ரியலிடம் போகிறாள். தன்னிடமுள்ள உண்மை சொல்லும் கருவிக்காகத்தான் தந்தை காத்திருக்கிறார் என்பது அவள் நினைப்பு. அவருக்கு வேண்டியது கருவியல்ல, ஒரு குழந்தை. வேறோர் உலகத்துக்கு வழி திறக்க அவர் ரோஜரைப் பலி கொடுக்கிறார். காப்பாற்றியவளே கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறாள்.

1995இல் வந்த அந்த நாவல் இந்த மரணத்தின் மேல்தான் நிற்கிறது. இயக்குநர் கிறிஸ் வைட்ஸ் கடைசி மூன்று அத்தியாயங்களைப் படமாக்கியும்விட்டார். முன்னோட்டத்தில் அவற்றின் காட்சிகளும் வந்தன. கடைசியில் அடுத்த பாகத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு, லைராவும் ரோஜரும் ஆகாயக் கப்பலில் நம்பிக்கையோடு பறப்பதில் படத்தை முடித்துவிட்டார்கள். சுமார் 18 கோடி டாலர் செலவழித்த படம் அமெரிக்காவில் 7 கோடி டாலர் அளவுக்குத்தான் வசூலித்தது. அடுத்த பாகம் வரவேயில்லை.

படத்தில் நல்லவை உண்டு. பிள்ளைகளைக் கடத்தவைக்கும் திருமதி கோல்டராக நிக்கோல் கிட்மன், நான் மனதில் வரைந்து வைத்திருந்ததைவிடப் பயங்கரமானவள். லைராவுக்குத் துணை வரும் கவசம் பூண்ட கரடியின் கம்பீரத்தையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாவலில் டோனி என்றொரு சிறுவன் வருவான். அவனுடைய டீமனை அறுத்தெடுத்துவிட்ட பிறகு, அந்த இடத்தில் ஒரு காய்ந்த மீனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடியே செத்துப்போவான். படத்தில் அந்த மீனும் இல்லை, அந்தச் சாவும் இல்லை. குழந்தைகள் தாங்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. பல வருஷம் கேட்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். இந்த வரிசையின் மூன்றாம் நாவலில் லைரா செத்தவர்களின் உலகத்துக்கே போவது ரோஜரிடம் மன்னிப்புக் கேட்கத்தான். அங்கே காவலிருக்கும் பறவைப் பெண்கள், அவள் பொய்க்கதை சொன்னால் பாய்ந்து கீறுவார்கள், நடந்ததைச் சொன்னால் அடங்கி உட்கார்ந்து கேட்பார்கள். ரோஜரின் சாவை வெட்டினால் இதெல்லாம் எங்கே போகும் என்று கேட்பேன்.

2017இல் என் மகளுக்கு எட்டு வயது. இரவில் அந்த நாவலை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி அத்தியாயங்களை நெருங்கியபோது என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்றிரவு லைராவும் ரோஜரும் ஆஸ்ரியலைத் தேடிக் கிளம்பினார்கள். மகள் நன்றாகத் தூங்கட்டும் என்று, “அவ்வளவுதான், கதை முடிஞ்சுது” என்றேன். படம் நிறுத்திய இடத்திலேயே நானும் நிறுத்தினேன். அது எனக்கு அப்போது உறைக்கக்கூட இல்லை.

பத்து நாள் கழித்து அப்பா போய்விட்டார். குழந்தை பயந்துவிடும் என்று அன்று காலையிலேயே அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். காரியம் முடியும்வரை, “தாத்தா ஆஸ்பத்திரியிலதான் இருக்கார்” என்றே ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தேன். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து தீப்பெட்டிப் படம் சேர்ப்பார்கள். அவள் திரும்பி வந்தபோது, சித்தி வீட்டுத் தெருவில் பொறுக்கிய நான்கு புதுப் படங்களை ஜியோமெட்ரி பாக்ஸில் பத்திரமாக வைத்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அவர் அறைக்கு ஓடினாள். கட்டிலை எடுத்துவிட்டிருந்தோம். சுவரில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவள் அழவில்லை. வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குழந்தைதானே, மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதின்மூன்று வயதில் என் அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்துத் தானே படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுக்களைக்கு வந்து நின்றாள். படித்த பக்கத்தில் விரலை வைத்தபடி இருந்தாள்.

“அம்மா, ரோஜர் செத்துப் போறான்.”

“ஆமாம்டா.”

“இதையும் நீ சொல்லல.”

அந்த ‘இதையும்’ என்ற சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை. நீ சின்னப் பிள்ளை, தாங்க மாட்டாய் என்று நினைத்தேன் என்றேன். “எனக்குத் தெரியாம இருந்தா தாத்தா உயிரோட இருப்பாரா?” என்று கேட்டாள். தாங்க முடியாதவள் நான்தான். அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவளுக்காக என்று பெயர் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். குழந்தையின் துக்கத்தை மறைப்பது அதை அவளிடமிருந்து திருடுவதுதான். பத்து வருஷம் ஒரு படத்தின் மேல் நான் வைத்த குற்றச்சாட்டும் இதுவேதான்.

அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்காரவைத்து அந்த நாளை முழுசாகச் சொன்னேன். விடியற்காலை நாலரை மணி, மூச்சு வாங்கியது, மாமா அவர் வாயில் பால் விட்டது, யார் யார் தோள் கொடுத்தார்கள், சாம்பலை எங்கே கரைத்தோம், எல்லாம். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள்: “தாத்தா என்னைக் கேட்டாரா?”

கேட்டார். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு தடவை கேட்டார். பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், நாளைக்கு வருவாள் என்று அவரிடமும் சொல்லிவைத்தோம்.

அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.