சென் மொரிட்ஸில் பார்க்க ஒரு படம்

சென் மொரிட்ஸ் போனால், ஏரியைப் பார்த்ததோடு திரும்பிவிடாதேங்கோ. 1908இல் திறந்த செகந்தினி மியூசியத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

‘அல்ப்ஸில் நண்பகல்’ (1891) படத்தைக் கிட்ட நின்று பார்த்தால் புல்லும் தெரியாது, ஆடும் தெரியாது. நூல் நூலாய்த் தடித்த வர்ணக் கோடுகள்தான். நிறங்களைக் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இழுத்திருக்கிறார். இம்ப்ரெஷனிஸ்டுகள் வேகமாய்ப் பிடித்த வெளிச்சத்தை இவர் பொறுமையாய் நெய்திருக்கிறார். நாலு அடி பின்னுக்கு வாங்கோ: ஆடு மேய்க்கிற பெண், காய்ந்த புல், கண் கூசுகிற மலை வெயில்.

ஜொவான்னி செகந்தினிக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இருக்கவில்லை. 1886இல் சுவிஸுக்கு வந்தவர், 1899இல் சாகும்வரை இந்த மலைச் சனத்தைத்தான் வரைந்தார். பெர்மிட்டுக்குக் காத்திருந்த அம்மம்மா, அப்பப்பாவின் கதையையும் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கோ.