கரும்புச் சீமையில் புதினா பானகம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியெல்லாம் கரும்புப் பேச்சுதான். அங்கே ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, மூங்கில்துறைப்பட்டில் இன்னொன்று. கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை ஏற்றம். வளைந்து வளைந்து வெள்ளிமலை போய் இறங்கினால் காற்றே வேறு! தேன், கடுக்காய், புளி, மரவள்ளி என்று மலைச் சரக்கு. அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தவரோ என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ்.

மலையிறங்கி வந்த களைப்பில் ஒரு சின்னக் கடையில் புதினா போட்ட எலுமிச்சை சர்பத் கேட்டேன். "குடிங்கம்மா, ஒண்ணும் கலக்கல. நீங்க பாக்கத்தானே போட்டேன்!" என்றார் கடைக்கார அக்கா.

இந்த ஊரில் அந்த வார்த்தைக்குக் கனம் அதிகம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டார்கள். பெண்களும் அதில் உண்டு. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத்தான் முதலில் தாக்கும். குடித்தவருக்குப் பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது, வாந்தி என்றால், "போதை தெளியட்டும்" என்று எலுமிச்சைச் சாற்றைக் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். அதனால் விஷம் முறியாது. மாற்று மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, 108-ஐக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சர்பத்துக்கு வருவோம். புதினா, எலுமிச்சை, சர்க்கரை, சோடா, இவற்றோடு ரம் சேர்ந்தால் கியூபா நாட்டின் மொஜிட்டோ. அதுவும் கரும்புச் சீமைதான். சர்க்கரை காய்ச்சி மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்க வைத்து வடிப்பதுதான் ரம். நம்ம ஊர் ஜூஸ் கடைகளில் பிள்ளைகள் கேட்டு வாங்கும் மொஜிட்டோவில் ரம் கிடையாது; பெரும்பாலும் பாட்டில் பச்சைச் சிரப்தான். அந்தக் காசுக்கு வீட்டிலேயே நாலு டம்ளர் செய்துவிடலாம்.

ஒரு டம்ளருக்குப் பத்து புதினா இலை, அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு, 2 டீஸ்பூன் பொடித்த வெல்லம், சிட்டிகை உப்பு. இலையை வெல்லத்தோடு சேர்த்து மத்தால் லேசாக அழுத்தினால் போதும், வாசனை இறங்கிவிடும். அம்மியில் வைத்து அரைத்தால் கசக்கும். சாற்றை விட்டு, சோடாவோ பானைத் தண்ணீரோ ஊற்றுங்கள். ஸ்ரீராமநவமிப் பானகத்துக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும்!

வெல்லத்துக்குப் பதில் நன்னாரி சர்பத் ஊற்றலாம். சளி பிடிக்குமோ என்று பயப்படுகிற மாமியாருக்கு ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போடுங்கள். சர்க்கரை வியாதிக்காரருக்கு இனிப்பே வேண்டாம், உப்பு போதும். மலைத்தேனும் ருசிதான், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது.

எனக்குப் பிடித்தது, தண்ணீருக்குப் பதில் கரும்புச் சாறு விட்டது. வெல்லமே வேண்டாம். பிழிந்த கையோடு குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் புளிக்கத் தொடங்கிவிடும்.