அறுபதில் ஓர் அரிச்சுவடி

உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின், அறுபதாம் பிராயத்தில் நாம் சதுரங்கம் பயிலத் தொடங்கினோம். ஆசிரியை நம் பேத்தி, வயது ஒன்பது. 2024-ல் சென்னைக் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியனானது முதல் அவளுக்கு இதே தியானம்.

மூன்று மாதம் தோல்வியே கண்டோம். "என் காய் எங்கே வரும் என்று பார்க்கவே மாட்டேன் என்கிறீர்களே, தாத்தா!" என்றாள். அன்று முதல் தோற்ற ஆட்டங்களைக் குறித்துவைத்து, இறுதிக் கட்டத்தைப் பயின்றோம். எதிரியின் ராஜா தனித்திருக்க, நம்மிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் எஞ்சினால், ராஜாவே முன்னே நடந்து வழி திறக்கவேண்டும். பின்னே நின்று சிப்பாயை ஏவினால் பெரும்பாலும் ஆட்டம் சமனாகிவிடும். முப்பது வருஷம் மேஜையிலிருந்து உத்தரவிட்டே பழகிய நமக்கு இப்பாடம் சுருக்கென்று தைத்தது.

சென்ற ஞாயிறன்று ராஜாவை முன்னே நடத்தி முதன்முறையாக வென்றோம். பேத்தியின் கண்கள் கலங்கின. தோற்றபின் மறுபடி காய்களை அடுக்கும் வித்தையில் மட்டும் நாம் அவளுக்கு மூத்தவர், அதைச் சொல்லிக்கொடுத்தோம்.