நைரோபி மாமாவின் பைனாக்குலர்

எங்கள் வீட்டில் ஆப்பிரிக்கா என்றால் பெரிய மாமா. நாகர்கோவிலில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், எழுபதுகளில் நைரோபிக்குப் போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொண்டார். கென்யா, ஜாம்பியா, எத்தியோப்பியா, நைஜீரியா என்று நம் பக்கத்து வாத்தியார்கள் பலர் விமானமேறிய காலம் அது. கிறிஸ்துமஸ் லீவுக்கு அவர் திருவனந்தபுரம் வந்துவிட்டால், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த எங்கள் வாடகை வீட்டுத் திண்ணையில் தெருப்பிள்ளைகள் அத்தனையும் கூடிவிடும்.

நைரோபி நகரத்தை ஒட்டியே ஒரு தேசியப் பூங்கா. கென்யாவில் முதன்முதலாக, 1946-இல் அமைத்தது. பரப்பு 117 சதுர கிலோமீட்டர்தான். அந்த நாட்டுக் கணக்கில் இது சுண்டைக்காய். ஆனாலும் சிங்கம் உண்டு, காண்டாமிருகம் உண்டு. புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி நிற்கும். அதன் முதுகுக்குப் பின்னால் நகரத்து மாடிக் கட்டடங்கள் தெரியும். மாமா இதைச் சொல்லும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "எங்க அண்ணனுக்கு வாய் நெறைய ஆப்பிரிக்கா."

எங்கள் கைவசமும் கொஞ்சம் ஆப்பிரிக்கா இருந்தது. மியூசியம் வளாகத்தில், திருவிதாங்கூர் அரசு தொடங்கிய மிருகக்காட்சிசாலையில், நீர்யானை. பச்சைத் தண்ணீரில் இரண்டு காதும் இரண்டு மூக்குத்துளையும் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். அது வாய் திறக்காதா என்று வேலியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றிருக்கிறோம்.

எண்பதுகளின் நடுவில் நெய்யாறு அணைப் பக்கம் சிங்க சஃபாரி திறந்தார்கள். மாமா லீவில் வந்ததும் அங்கேதான் போக வேண்டும் என்று நாங்கள் ஒற்றைக் காலில் நின்றோம். தம்பானூரில் பஸ் ஏறி, காட்டாக்கடை வழியாக மலையடிவாரம். அம்மா வாழையிலையில் கட்டித் தந்த புளிச்சோறும் ஏத்தங்காய் உப்பேரியும் பையில். உப்பேரி பாதி வழிகூட வரவில்லை.

நெய்யாறு எங்களுக்கு ஒருவகையில் சொந்த ஆறு. அணையின் இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி விளவங்கோடு வரை வரும். தாத்தாவின் வயல் அந்தத் தண்ணீரில்தான் விளைந்தது. 2004-இல் கேரளம் அதை நிறுத்திய பிறகு அந்த வயல்கள் என்ன ஆயின என்பது பெரிய கதை, இங்கே வேண்டாம். அணையைச் சுற்றிய காடு 1958 முதல் சரணாலயம், 128 சதுர கிலோமீட்டர். "ஏறக்குறைய நம்ம நைரோபிப் பார்க்கு அளவுதான்" என்றார் மாமா. கிழக்கே அகத்தியர்மலை, 1868 மீட்டர், மேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றது.

சிங்கம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். படகில் போய், கம்பி வலை அடித்த வண்டியில் ஏறி, மரத்தடி மரத்தடியாகத் தேடினோம். ஒன்று மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாளில் முக்கால் பொழுது தூங்குகிற பிராணி அது, அதைக் குறை சொல்ல முடியாது. தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. கம்பிக்குள் இருந்துகொண்டு தூங்குகிற சிங்கத்தைப் பார்ப்பதில் அப்படி என்ன காடு இருக்கிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. பக்கத்து முதலைப் பண்ணைத் தொட்டிகளில் கிடந்த சீங்கண்ணிகளாவது அவ்வப்போது கண்ணைச் சிமிட்டின.

மாமா இதற்கெல்லாம் அசரவில்லை. நீர்த்தேக்கத்தின் ஓரமாக எங்களை நடத்திக் கூட்டிப்போனார். தண்ணீரில் மூழ்கி இறந்த மரங்கள் மொட்டையாக நின்றன. ஒன்றின் உச்சியில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் சிறகு நனைந்தால் ஊறிவிடும், அதனால்தான் என்றார் மாமா. பைனாக்குலரை என் கழுத்தில் மாட்டிவிட்டார். கனமான சாமான். வாரில் தோலும் வியர்வையும் சேர்ந்த வாசனை. அதை எடுத்துக் கண்ணில் வைத்தால் இலையும் வானமும்தான் மாறிமாறி ஓடின.

"மக்கா, மொதல்ல வெறுங்கண்ணால பாரு. பாத்த எடத்துலேருந்து கண்ண எடுக்காத. அப்படியே கொழாயத் தூக்கிக் கண்ணுக்குக் கொண்டா."

அப்படித் தூக்கியபோதுதான் அது கிடைத்தது. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. தண்ணீருக்கு மேலே மூன்று ஆள் உயரத்தில், ஒரே இடத்தில், அந்தரத்தில் நின்றது. இறக்கை படபடவென்று அடிக்கிறது, வால் விரிந்திருக்கிறது, அலகு நேர் கீழே குறி பார்க்கிறது. தலை மட்டும் அசையவே இல்லை. திடீரென்று கல் போட்டதுபோல் விழுந்து, வெள்ளி மீனோடு எழுந்து, மொட்டை மரத்தில் அதை இரண்டு தட்டுத் தட்டி விழுங்கியது.

"மார்புல எத்தன பட்டை?"

"ரெண்டு, மாமா."

"அப்ப ஆம்பளை. பொம்பளைக்கு ஒண்ணுதான், அதுவும் நடுவுல அறுந்திருக்கும்." பிறகு சொன்னார்: "இதே பறவைய கென்யாவுல நைவாஷா ஏரியில பாத்திருக்கேன். அங்கயும் இப்படித்தான் அந்தரத்துல நிப்பான்."

சிங்கத்துக்கு அழுத தம்பி பைனாக்குலருக்காக என்னோடு மல்லுக்கட்டினான். உண்ணிக்கொக்கும் அங்கே உண்டு, கொண்டலாத்தியும் உண்டு என்று மாமா அடுக்கிக்கொண்டே வர, ஒவ்வொன்றுக்கும் நாங்கள் சுற்றுமுற்றும் பார்த்தோம். சாலைக் கடைத்தெருவில் பசுமாட்டின் பின்னால் நடக்கும் கொக்குக்கு அங்கே எருமை, யானையின் காலடியிலும் பிழைப்பு இருக்கிறது என்பது, ஏனோ, நீர்யானையைவிடப் பெரிய செய்தியாக இருந்தது.

மறுநாளே மாமா ஒரு புத்தகம் வாங்கிவந்தார். இந்துசூடன் எழுதிய 'கேரளத்திலெ பக்ஷிகள்', 1958-இல் முதலில் வந்தது. இந்துசூடன் என்பது புனைபெயர், ஆள் கே.கே.நீலகண்டன், இதே ஊர் யூனிவர்சிட்டி காலேஜில் ஆங்கிலம் கற்பித்தவர். மாமாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நாங்கள் எழுத்துக்கூட்டி வாசிக்க, அவர் ஓரத்தில் பென்சிலால் தமிழ்ப் பெயரை எழுதுவார். அந்த லீவு முழுக்க இதுதான் வேலை.

புத்தகமும் கையுமாக ஒரு காலையில் வெள்ளாயணிக் காயலை ஒட்டிய புஞ்சக்கரி வயலுக்குப் போனோம். கருநீலக் கோழிகள், நெற்றியிலும் அலகிலும் சிவப்பு, நீண்ட விரல்களால் தண்டைப் பிடித்துத் தின்றபடி வரிசையாக நின்றன. நாங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கையில் வரப்பில் வந்த வயல்காரர், "எந்தா சாரே நோக்குன்னது?" என்றார். கோழிகளின் அழகைப் பார்க்கிறோம் என்றார் மாமா. அழகா? இந்தக் கோழிகள் நாற்றை அடியோடு ஒடித்துப்போடுகின்றன, தகரம் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது என்று அவர் பொரிந்துதள்ளினார். மாமா ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று தம்பி இடையில் சொல்லிவைத்தான். அங்கே இதை எப்படி விரட்டுகிறார்கள் என்று கேட்டார் வயல்காரர்.

மாமா குவிலியாக் குருவியைப் பற்றிச் சொன்னார். நம் சிட்டுக்குருவியை விடச் சின்னது, சிவந்த அலகு. லட்சக்கணக்கில் திரண்டு வந்து தானிய வயல்களில் இறங்கும். அரசாங்கமே விமானம் வைத்து மருந்து தெளிக்கும், அப்படியும் அடங்காது.

வயல்காரர் கோழிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமாவிடம் ஒரு பீடிக்குத் தீப்பெட்டி கேட்டார்.