ஹாட்டு மலையில் ஒரு குளிர்காலப் பகல்

சிம்லாவுக்கு வரும் நம்மவர் பலர் மால் சாலையில் ஒரு பிடி பனியைக் கையில் ஏந்திப் படம் பிடித்துக்கொண்டு, இமயத்தைக் கண்டுவிட்டோம் என்ற நிறைவோடு திரும்புவர். மாற்றலாகி வந்த பின் இரண்டு குளிர்காலங்களை நானும் அவ்வாறே கழித்தேன். மூன்றாவது ஆண்டு ஜனவரியில் இரண்டு நாள் விடுப்புக் கிடைத்தது. உடன் வருவதாகச் சொன்ன நண்பர் குளிருக்கு அஞ்சிப் பின்வாங்கவே, தனியாகவே நார்கண்டாவுக்குப் பேருந்து ஏறினேன்.

நார்கண்டா, சிம்லாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், பழைய இந்துஸ்தான்–திபெத் சாலையில் உள்ள சிற்றூர். அதன் உயரம் சுமார் 2700 மீட்டர். ஹாட்டுச் சிகரமோ சுமார் 3400 மீட்டர். கோடையில் உச்சிவரை கார் செல்லும். குளிர்காலத்தில் பனி மூடிய அந்த ஏழெட்டுக் கிலோமீட்டரை நடந்தே கடக்க வேண்டும். உச்சியிலுள்ள ஹாட்டு மாதா கோயிலின் தெய்வத்தை மண்டோதரி என்றே இவ்வூரார் போற்றுகின்றனர். இலங்கை வேந்தனின் தேவி இமயப் பனியில் கோயில் கொண்டிருக்கிறாள் என்று கேட்டபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இரவு தங்கி, மறுநாள் காலை தேநீர்க் கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் என் தோல் காலணிகளை ஏற இறங்கப் பார்த்தார். "பாபுஜி, எங்கே இருந்தாலும் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுங்கள்" என்றார்.

முதல் மூன்று கிலோமீட்டர் இன்பமாகவே கழிந்தது. தேவதாரு மரங்களின் கிளைகள் பாரம் தாளாமல் தாழ்ந்து, திடீரெனப் பனியைச் சொரிந்துவிட்டு நிமிர்ந்தன. அந்த ஓசையைத் தவிர வேறு ஒலியே இல்லை. நாளெல்லாம் வண்டிச் சத்தத்தில் கணக்கெழுதும் எனக்கு அம்மௌனம் முதலில் இனித்தது. பின்னர் சற்றே அச்சமூட்டிற்று. முன்பு சென்றவர்களின் காலடித் தடம் ஒரு வளைவில் முடிந்துபோயிற்று. அதற்குமேல் முழங்காலளவு பனி. பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். மதியம் உண்ண எடுத்த புளிசாதம் கல்லாய் இறுகிக் கிடந்தது. காலணிக்குள் நீர் புகுந்து விரல்கள் மரத்தன. சாதாரணக் காலணியோடு வந்தது முழுக்க என் மடமையே.

இரண்டு மணிக்கு மரங்கள் விலகின. உச்சி மேடு எதிரே தெரிந்தது. இன்னும் அரை மணி நேரம் ஏறினால் போதும் போலிருந்தது. வடக்கே பனிமலைத் தொடர் வெயிலில் மின்னியது. கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். சிவப்பு விளக்கைக் கண்டும் வண்டியைச் செலுத்துவாரைக் குறித்து எத்தனை அறிக்கைகளை நகலெடுத்திருக்கிறேன்! திரும்பினேன்.

பாதி வழியில் மேகம் கவிந்தது. காற்று என் தடங்களையே தூர்த்துவிட்டிருந்தது. ஓரிடத்தில் பாதையென்று எண்ணிச் சரிவில் கால் வைத்து இடுப்பளவு புதைந்தேன். தோள் உயரத்தில் நின்ற ஒரு கிளையைப் பற்றி ஏறியபோது மனைவி மக்களின் முகங்களைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. பிறகு மலையை வெட்டிய பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினேன்.

கடையை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அடுப்பருகே கால்களை நீட்டினேன். கடைக்காரர் சட்டென்று பின்னே இழுத்துவிட்டார். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும் என்று சொல்லி, வெதுவெதுப்பான நீரில் என் பாதங்களை வைக்கச் செய்தார். உணர்வு திரும்புகையில் எழுந்த வலியில் கண்ணீர் வந்தது.

இரவு தொலைபேசியில் இல்லாள் கேட்டது ஒன்றுதான்: "மண்டோதரியைப் பார்த்தீர்களா?"

இல்லையென்றேன்.

"நல்லது. கோடையில் குழந்தைகளோடு காரில் போகலாம். அவள் எங்கே போய்விடப் போகிறாள்?" என்றாள்.