பாணும் கூட்டாளியும்



இது சில ஆங்கிலச் சொற்களைப் பற்றிய பதிவு. நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியதும்தான்.

2022 இல் பாண் விலை ஏறிக்கொண்டே போன நாட்கள். இரண்டாம் பாடவேளையில் இரண்டு பொடியன்மார் மேசைக்குக் கீழே ஒளித்துச் சாப்பிடுவதைக் கண்டேன். "பாட நேரத்தில என்னடா சாப்பாடு?" என்று ஏசி, இருவரையும் வெளியே நிற்க வைத்தேன். இடைவேளையில்தான் விஷயம் தெரிந்தது. ஒருவன் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறான். மற்றவன் தன்னுடைய பாணையும் சம்பலையும் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறான். "இன்டெர்வல் வரைக்கும் அவனுக்கு ஏலாது சேர்" என்றான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் காரணம் சொல்லவில்லை. பசித்த பிள்ளையை நாலு பேருக்கு முன்னால் காட்டிக் கொடுக்கக் கூடாதே. கரும்பலகையில் 'கம்பேனியன்' என்று மட்டும் எழுதினேன்.

கருத்து எல்லோருக்கும் தெரியும்: கூட்டாளி. ஆனால் அதன் வேர் இலத்தீன். 'கொம்' என்றால் கூட. 'பானிஸ்' என்றால் பாண். பாணைச் சேர்ந்து உண்பவன்தான் கம்பேனியன். 'கம்பெனி'யும் அதே வேரில் பிறந்தது. கொழும்பு கொம்பனித்தெருவின் பெயருக்குள்ளும் அந்தப் பாண் இருக்கிறது. சாப்பாட்டுச் சாமான் வைக்கும் 'பேன்ட்ரி' முதலில் பாண் வைக்கும் அறைதான். நாம் சொல்லும் 'பாண்' கூட வேறல்ல. அதே இலத்தீன் சொல், போர்த்துக்கேயர் வாயால் நம் ஊருக்கு வந்தது.

இன்னும் இரண்டு சொற்கள், இவை பழைய ஆங்கிலத்துக்குரியவை. 'லோர்ட்' என்பதன் முதற் பொருள் பாணைக் காப்பவன். 'லேடி' என்பதன் பொருள் பாணுக்கு மாப் பிசைபவள். பெரிய மனிதர் என்ற பட்டமே நாலு பேருக்குச் சாப்பாடு கொடுக்கும் பொறுப்பிலிருந்துதான் வந்திருக்கிறது.

பாண் கொடுத்தவன் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். மற்றவன் குனிந்தபடி கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான்.

உம்மாமார், வாப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். வசதியிருந்தால் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு துண்டு கூடுதலாக வையுங்கள். யாருக்குக் கொடுத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.